பேசிய குழுவும் நடித்துப் பழகிய குழுவும்: சியாட்டில் குடிநோய் ஆய்வு, 1978

குடியிலிருந்து மீள்பவர்களுக்கு நாடக முறைகள் உண்மையிலேயே உதவுமா என்று யாராவது கேட்டால், நான் முதலில் எடுத்துச் சொல்வது சியாட்டிலில் நடந்த ஒரு சிறிய ஆய்வைத்தான். முன்னாள் படைவீரர்களுக்காக அமெரிக்க அரசு நடத்தும் மருத்துவமனைகளில் ஒன்று அந்த நகரில் இருக்கிறது. அங்கே குடிநோய்க்காக உள்நோயாளிகளாகச் சேர்ந்திருந்த 40 ஆண்களை வைத்து எட்மண்ட் சேனி, மைக்கேல் ஓ'லியரி, ஆலன் மார்லட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் இதை நடத்தினார்கள். அறிக்கை 1978-இல் வெளியானது. அரை நூற்றாண்டு நெருங்கப்போகிறது. ஆனாலும் "பேசினால் போதாதா, நடித்துப் பார்க்க வேண்டுமா?" என்ற கேள்வியை இவ்வளவு நேராக எடுத்துக்கொண்ட ஆய்வுகள் குறைவு. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் மிடறு எங்கே நடந்தது?

இந்த ஆய்வுக்கு முன்கதை ஒன்று உண்டு. மார்லட் கனடாவின் வான்கூவரில் 1941-இல் பிறந்தவர். பின்னாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இளம் ஆய்வாளராக இருந்தபோது அவர் கையாண்ட சிகிச்சை, மதுவோடு மின்னதிர்ச்சியைச் சேர்த்து அதன்மேல் வெறுப்பை உண்டாக்குவது. அந்தக் காலத்தில் அது பரவலாக இருந்த முறைதான். சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போனவர்களில் பலர் மறுபடி குடித்தார்கள். மற்றவர்கள் அதைத் தோல்விக் கணக்கில் எழுதி மூடிவிட்டிருப்பார்கள். மார்லட் அவர்களைத் தேடிப் போய்ப் பேசினார். முதல் மிடறு எங்கே, எந்த நேரத்தில், யாரோடு இருந்தபோது? அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது? மனதில் என்ன ஓடியது?

வந்த பதில்கள் அன்றைய நம்பிக்கையோடு ஒத்துப்போகவில்லை. உடம்பு கேட்டது, அடக்க முடியவில்லை என்று சொன்னவர்கள் சிலர்தான். திரும்பத் திரும்ப வந்தவை வேறு வகைக் கதைகள். மேலாளர் திட்டினார், பதில் சொல்லாமல் வெளியே வந்து நேராக மதுக்கடைக்குப் போனேன். பழைய நண்பன் கிளாஸை நீட்டினான், வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் யாரும் இல்லை, பொழுது போகவில்லை. அல்லது, இனி என்னால் அளவோடு குடிக்க முடிகிறதா பார்ப்போம் என்று ஒரு சோதனை. இவற்றை அவர் நான்கு வகையாகப் பிரித்தார்: கோபமும் ஏமாற்றமும், மற்றவர்களின் வற்புறுத்தல், சோர்வும் தனிமையும் போன்ற கெட்ட மனநிலை, தனக்குள்ளேயே எழும் ஆசை.

இங்கேதான் கேள்வியே திசை மாறுகிறது. மேலே சொன்ன முதல் இரண்டும் இரண்டு ஆட்கள் இருக்கும் காட்சிகள். ஒருவர் ஏதோ சொல்கிறார், மற்றவர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராதபோது கை கிளாஸுக்குப் போகிறது. இடறிய இடம் பதில் என்றால், பயிற்சியும் பதிலுக்குத்தானே கொடுக்க வேண்டும்?

மூன்று குழுக்கள்

சியாட்டில் ஆய்வில் 40 பேரையும் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். சராசரி வயது 45-ஐ ஒட்டி. மருத்துவமனையின் வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் முதல் குழுவுக்கு நடித்துப் பழகும் பயிற்சி. வாரம் இரண்டு முறை, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம், மொத்தம் 8 அமர்வுகள். இரண்டாவது குழு அதே சிக்கலான சூழ்நிலைகளை எடுத்துப் பேசியது. அந்த நேரத்தில் என்ன உணர்ந்தீர்கள், ஏன் அப்படி உணர்ந்தீர்கள் என்று ஆழமாகவே பேசியது. ஆனால் எதையும் நடித்துப் பார்க்கவில்லை. மூன்றாவது குழுவுக்குக் கூடுதலாக எதுவும் இல்லை.

இந்த இரண்டாவது குழுவை வைத்ததில்தான் ஆய்வின் புத்திசாலித்தனமே இருக்கிறது. நடிப்புக் குழுவை ஒன்றும் பெறாதவர்களோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், யாரோ உட்கார்ந்து அக்கறையாகக் கேட்டார்கள், அதனால் தேறினார்கள் என்று சொல்லிவிடலாம். பேசும் குழுவுக்கும் அதே அக்கறை கிடைத்தது, அதே சூழ்நிலைகள் கிடைத்தன. இல்லாதது ஒத்திகை ஒன்றுதான்.

அமர்வுக்குள்ளே

நடிப்பு என்றதும் மேடை, ஒப்பனை, வசனம் என்று நினைக்க வேண்டாம். நாலைந்து நாற்காலிகள், ஒரு சிறிய குழு, ஒரு சூழ்நிலை, அவ்வளவுதான். உதாரணத்துக்கு ஒரு காட்சி: நல்ல உணவகம், ஏதோ ஒரு விசேஷம், நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். பரிமாறுபவர் வந்து சாப்பாட்டுக்கு முன் குடிக்க என்ன வேண்டும் என்று கேட்கிறார். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வருகிறார்கள். உங்கள் முறை வந்துவிட்டது. எல்லாருடைய கண்ணும் உங்கள்மேல்.

முதலில், இதில் சிக்கல் எது என்று குழுவே கண்டுபிடிக்க வேண்டும். மது வந்ததா சிக்கல், அல்லது எல்லோரும் பார்ப்பதா? ஒருவருக்கு இது, இன்னொருவருக்கு அது. அப்புறம் என்னென்ன செய்யலாம் என்று தோன்றியதையெல்லாம் கொட்டுவார்கள். எழுந்து போய்விடலாம், குளிர்பானம் கேட்கலாம், நான் குடிப்பதில்லை என்று சொல்லிவிடலாம், வரும்போதே நண்பனிடம் சொல்லி வைத்திருக்கலாம். ஒவ்வொன்றும் அந்த நிமிஷத்தில் என்ன ஆகும், மறுநாள் என்ன ஆகும் என்று இரண்டு விதமாகவும் பார்ப்பார்கள். இந்தப் படிகள் 1971-இல் உளவியலாளர்கள் டிசுரில்லாவும் கோல்ட்ஃபிரைடும் வகுத்த சிக்கல் தீர்க்கும் முறையிலிருந்து வந்தவை.

இதுவரை பேச்சுதான். இனி குழுத்தலைவர் எழுந்து ஒரு பதிலைத் தானே நடித்துக் காட்டுவார். அதன்பின் உறுப்பினர் நடிப்பார். மற்றவர்கள் பார்த்துச் சொல்வார்கள்: குரல் தழைந்துவிட்டது, தரையைப் பார்த்துப் பேசினாய், வேண்டாம் என்று சொல்லிவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டாய், அதைப் பிடித்துக்கொண்டு அவன் மறுபடி வற்புறுத்துவான். சரி, மறுபடி. இந்தத் தடவை கொஞ்சம் உறுதியாக. மறுபடி.

இந்த 'மறுபடி'யைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு தடவை நடிப்பது ஒரு நிகழ்ச்சி. நாலாவது தடவை நடிக்கும்போதுதான் வாய் பழகுகிறது, நாக்கு தடுமாறாமல் வருகிறது.

தனியாக இருக்கும்போது வரும் ஆசையையும் இதே குழுவில்தான் எடுத்துக்கொண்டார்கள். அதில் எதிரே ஆள் கிடையாது. மனதுக்குள் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லி, அதற்குத் தானே பதிலும் சொல்லிப் பழக வேண்டும். இதை நடிக்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் இங்கேதான் அதிக வேலை இருக்கிறது. நண்பனுக்குச் சொல்லும் பதிலையாவது நாலு பேர் கேட்டுத் திருத்தலாம், தனக்குள் சொல்லிக்கொள்வதை வெளியே கொண்டுவந்தால் ஒழிய யாரும் திருத்த முடியாது.

எதை அளந்தார்கள்?

பயிற்சிக்கு முன்பும் பின்பும் எல்லாரையும் ஒரு சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒலிநாடாவில் சூழ்நிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கேட்டவுடன், நிஜமாகவே அங்கே இருப்பதுபோல் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலில் நான்கைப் பார்த்தார்கள்: வாயைத் திறக்க எவ்வளவு நேரம் எடுத்தது, எவ்வளவு பேசினார், வற்புறுத்தலுக்கு இணங்கிவிட்டாரா, குடிக்குப் பதிலாகக் குறிப்பாக என்ன செய்வேன் என்று சொன்னாரா.

பயிற்சி பெற்ற குழு இதில் தெளிவாக முன்னேறியது. பழகியதையே கேட்டால் முன்னேறத்தானே செய்வார்கள் என்று தோன்றும், நியாயம்தான். உண்மையான விஷயம் வெளியே போன பிறகு என்ன நடந்தது என்பது.

ஓராண்டு கழித்து

பயிற்சிக் குழுவினர் அந்த ஓராண்டில் போதையில் இருந்த நாட்கள் சராசரியாக 11. மற்ற இரண்டு குழுக்களையும் சேர்த்துப் பார்த்தால் 64. ஆண்டு முழுக்கக் குடித்த அளவு பயிற்சிக் குழுவில் தலைக்குச் சுமார் 400 பெக், மற்றவர்களிடம் சுமார் 1,590. ஒருமுறை குடிக்கத் தொடங்கினால் அது நீடித்த காலம் இங்கே சராசரியாக 5 நாள், அங்கே 44 நாள்.

கடைசி எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நடித்துப் பழகியவர்கள் குடியையே தொடவில்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. அவர்களும் இடறினார்கள். ஆனால் இடறியவர்கள் சீக்கிரம் எழுந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு 5 நாளுக்கும் 44 நாளுக்கும் என்ன வித்தியாசம் என்று குடிநோயாளியோடு வாழ்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 5 நாளில் வேலை போகாது. பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கரையாது. மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்பும் நிலை வராமல் போகலாம். கல்லீரலுக்கும் அதுவே. சிகிச்சை மையங்கள் வெற்றியைக் "குடித்தாரா, இல்லையா" என்று மட்டும் எண்ணும்போது இந்த வித்தியாசம் கணக்கிலேயே வராமல் போய்விடுகிறது. இது எனக்கு ஆறாத வருத்தம்.

விழுதல் ஏன் சுருங்கியது என்பதற்கு மார்லட் பின்னாளில் தந்த விளக்கம் உதவுகிறது. பல மாதம் விட்டிருந்தவர் ஒருநாள் ஒரு கிளாஸ் குடித்துவிடுகிறார். குடித்ததைவிடப் பெரிய ஆபத்து அடுத்த எண்ணம்: "எல்லாம் போச்சு. நான் இப்படித்தான். இனி என்ன, முழு பாட்டிலும் ஒன்றுதான்." குற்ற உணர்வும் கைவிட்ட மனநிலையும் சேர்ந்து ஒரு கிளாஸை ஒரு மாதமாக இழுத்துவிடுகின்றன. இடறியதற்கு அப்புறம் என்ன செய்வது என்பதும் ஒரு காட்சிதான். அதற்கும் வசனம் தயாராக இருந்தால் மனிதர் தொலைபேசியை எடுத்து யாரையாவது கூப்பிடுவார்.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது, பதில் சொல்ல எடுத்த நேரம். சோதனையில் வேகமாகப் பதில் சொன்னவர்கள் பிறகு குறைவாகக் குடித்தார்கள். தயங்கியவர்கள் அதிகம் குடித்தார்கள். சொன்ன பதில் எவ்வளவு அழகாக இருந்தது என்பதைவிட, அது உடனே வந்ததா என்பதே பின்னால் நடக்கப்போவதைக் காட்டிக்கொடுத்தது. கிளாஸை நீட்டுபவர் நமக்கு யோசிக்க நேரம் தருவதில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதியதும் இதோடு பொருந்துகிறது: என்னால் முடியும் என்ற நம்பிக்கைக்கு மிக வலுவான ஊற்று, ஒரு காரியத்தைத் தானே செய்து பார்த்தது, பிறர் சொல்லிக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

எதிராக வந்த முடிவுகள்

இவ்வளவையும் சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. எல்லோரும் ஆண்கள், ஒரே மருத்துவமனை. 1982-இல் ஜோன்ஸ், கான்ஃபர், லான்யன் மூவரும் இதே முறையை, சற்று வசதியான பின்னணி கொண்டவர்களிடம் செய்துபார்த்தார்கள். நடித்துப் பழகிய குழு, கூடுதலாக எதுவும் பெறாத குழுவைவிட நன்றாகவே இருந்தது. ஆனால் பேசிய குழுவும் அதே அளவுக்கு நன்றாக இருந்தது. சரளமாகப் பேசப் பழகிய மனிதர்கள் பேச்சிலிருந்தே ஒத்திகையைத் தாங்களாக எடுத்துக்கொண்டிருக்கலாம் என்பது என் ஊகம். வாய் திறக்கத் தயங்குபவர்களுக்குத்தான் நடித்துப் பழகுவது கூடுதல் பலன் தரும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவில் 1,726 நோயாளிகளை வைத்து நடந்த 'புராஜெக்ட் மேட்ச்' ஆய்வின் முடிவுகள் 1997-இல் வந்தன. ஒத்திகைகள் நிறைந்த 12 அமர்வுச் சிகிச்சை, 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற குடிமீள்வோர் அமைப்பின் 12 படி முறைக்கு வழிகாட்டும் சிகிச்சை, ஊக்கத்தைத் தூண்டும் 4 அமர்வுச் சிகிச்சை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். மூன்றிலும் மக்கள் தேறினார்கள், மூன்றுக்கும் இடையே வேறுபாடு சிறிதுதான். ஆகவே நடிப்பு முறை மற்ற எல்லாவற்றையும் விஞ்சிய மருந்து என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். எதைச் செய்தாலும் அதற்குள் இதற்கு ஓர் இடம் கொடுக்கலாம் என்பதே என் நிலை.

வியன்னாவிலிருந்து வந்த முறை

சியாட்டில் குழுவினர் நாடகக்காரர்கள் அல்ல. ஆனாலும் அவர்கள் கையாண்ட ஒத்திகைக்கு நாடக வேர் உண்டு. புக்கரெஸ்டில் 1889-இல் பிறந்து வியன்னாவில் வளர்ந்த மருத்துவர் ஜேக்கப் மொரேனோ, 1920களின் தொடக்கத்தில் அங்கே எழுதி வைத்த வசனமே இல்லாத ஒரு நாடகக் குழுவை நடத்தினார். 1925-இல் அமெரிக்கா போனார். 1936-இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் ஊரில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கி, மனச்சிக்கலைப் பேசுவதோடு நிறுத்தாமல் நடித்துப் பார்க்கும் உளநாடகத்தைச் சிகிச்சையாக வளர்த்தார். நடத்தைச் சிகிச்சையாளர்களான வோல்ப்பும் லாசரஸும் 1960களில் 'நடத்தை ஒத்திகை' என்று பெயர் வைத்ததை, வோல்ப் அதற்கு முன் நடத்தைவழி உளநாடகம் என்றே அழைத்தார். அந்த வழியாகத்தான் இது மதுச் சிகிச்சைக்குள் வந்தது.

மொரேனோவின் உத்திகளில் குடிநோய்க்கு மிகவும் பயன்படுவது பாத்திரம் மாறுதல். குடிக்கக் கூப்பிடும் நண்பனாக நோயாளியே நடிக்கிறார், குழுவில் இன்னொருவர் நோயாளியாக உட்காருகிறார். வற்புறுத்துவதற்கு என்னென்ன தந்திரங்கள் உண்டு என்பது நோயாளிக்கு நன்றாகவே தெரியும், அவரே பலமுறை அப்படிக் கூப்பிட்டவர்தானே! தன் வாயால் அந்த வசனங்களைச் சொல்லும்போது, அவற்றுக்குப் பின்னால் அன்பைவிடத் தனியாகக் குடிக்கும் கூச்சம்தான் இருக்கிறது என்று பலருக்குப் பிடிபடும். மனைவியின் இடத்தில் உட்காருவது இன்னும் கனமானது. இரவு 11 மணிக்குக் கதவைத் திறக்கும் ஆளாக நடிப்பது சிலருக்குத் தாங்க முடியாததாகிவிடும். அதனால் அதை ஆரம்ப வாரங்களில் கொண்டுவரக் கூடாது.

ஆபத்துகளையும் சொல்ல வேண்டும். குடித்தவன்போல் நடிப்பது சிலருக்குப் பேரின்பம். குழு கைதட்டிச் சிரிக்கும், நடித்தவருக்கு அன்று இரவு ஆசை தலைக்கேறும். போதையை நடிக்க விடாமல், போதைக்கு முந்தைய இரண்டு நிமிடங்களை மட்டும் நடிக்கச் சொல்வது நல்லது. கைநடுக்கமும் தூக்கமின்மையும் அடங்காத நாட்களில் தொடங்கக் கூடாது. காட்சி முடிந்ததும் பாத்திரத்தைக் கழற்றி வைக்க நேரம் தர வேண்டும்: சொந்தப் பெயரைச் சொல்லச் சொல்வது, இடம் மாறி உட்காரச் சொல்வது, இப்போது ஆசை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்பது. விருப்பமில்லாதவரை இழுத்து நிறுத்தக் கூடாது, பார்ப்பவரும் கற்றுக்கொள்கிறார்.

தமிழில் செய்யும்போது

நம் ஊரில் குடியையும் நாடகத்தையும் சேர்த்துச் சொன்னால் நினைவுக்கு வருவது விழிப்புணர்வு வீதி நாடகம். அது பார்ப்பவர்களுக்கானது. இங்கே நான் எழுதுவது நடிப்பவருக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, மீட்பு மையத்தின் ஆண்டு விழாவில் நோயாளிகளை வைத்து ஒரு நாடகம் போட்டுவிட்டு "நாங்களும் செய்கிறோம்" என்று சொல்வது போதாது.

மேற்கத்திய கையேடுகளில் மறுப்பதற்கு இலக்கணம் உண்டு: முதல் சொல்லே 'இல்லை'யாக இருக்கட்டும், கண்ணைப் பார், சாக்குச் சொல்லாதே, மாற்று ஒன்றைச் சொல், இனி என்னைக் கேட்காதே என்று சொல்லிவிடு. வயதொத்த நண்பர்களிடம் இது சரி. "மச்சான், எனக்கு வேண்டாம்டா. நான் விட்டுட்டேன். வா, டீ சாப்பிடலாம்" என்று பழகிக்கொள்ளலாம். பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு முந்தின இரவு, மாமா தன் கையால் ஊற்றி "நான் குடுத்தா வாங்க மாட்டியா மாப்ளே?" என்று கேட்கும்போது கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்வது நம் பழக்கத்தில் இல்லை. அங்கே மரியாதை குறையாமல், அதே நேரம் கிளாஸைக் கையிலும் வாங்காமல் நழுவும் வசனம் வேண்டும். "மாமா, உங்க ஆசீர்வாதம் போதும், இதை மட்டும் விட்டுடுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் பந்தி வேலைக்குப் போய்விடுவது ஒரு வழி. "டாக்டர் வேண்டாம்னுட்டார்" என்ற சாக்கு முதல் தடவைக்குத்தான் உதவும். "மாத்திரைதான் முடிஞ்சிருச்சே" என்ற மறுவார்த்தை உடனே வரும். அந்த மறுவார்த்தைக்கும் பதில் பழகியிருக்க வேண்டும்.

காட்சிகளை ஆலோசகர் தன் மேசையில் உட்கார்ந்து எழுதக் கூடாது. மார்லட் செய்ததுபோல் நோயாளிகளிடம் கேட்டுத் திரட்ட வேண்டும். சம்பள நாள் மாலை, எழவு வீட்டு இரவு, வேலைத்தளத்தில் உடம்புவலிக்கென்று வாங்கும் கட்டிங், மனைவியோடு சண்டை போட்டு வாசலைத் தாண்டும் நிமிடம் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பட்டியல் இருக்கும். அதில் ஆபத்துக் குறைந்ததிலிருந்து ஆரம்பித்து ஏறலாம். ஆலோசகர் கையில் ஒரு கடிகாரம் இருந்தால் போதும், பதில் வர எத்தனை விநாடி ஆனது என்று ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டே வரலாம். வெளியே போய் இடறிவிட்டுத் திரும்பி வருபவரிடம் "ஏன் குடித்தாய்?" என்ற விசாரணையைத் தவிர்த்து, அந்தக் காட்சியை அப்படியே குழுவில் வைத்து, எந்த வசனத்தில் கை கிளாஸுக்குப் போனது என்று கண்டுபிடித்து, அந்த இடத்திலிருந்து மறுபடி நடிக்கச் சொல்ல வேண்டும்.